முழுநேரப் பயணம் கிளம்பும் முன் துணி, ஷூ, பையை நம்மூரிலேயே சோதிப்பது எப்படி?

பாலக்கோட்டுப் பயணி:

வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். ஜனவரி கடைசியில் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் பயணம் கிளம்புகிறேன். பஸ், ரயில், மீதியெல்லாம் நடை. முதல் சில மாதங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம், வெயில் ஏறியதும் வடக்கே இமாசலம். எல்லாம் ஒரே 45 லிட்டர் பையில். தண்ணீர், சாப்பாடு நீங்கலாக 9 கிலோவுக்குள் அடக்கிவிட வேண்டும் என்று கணக்கு.

இதுவரை வாங்கியவை: பாலியஸ்டர் டி-ஷர்ட் 2, காட்டன் சட்டை 1, ‘சீக்கிரம் காயும்’ என்று போட்டிருக்கும் பேன்ட் 2, 10,000 மி.மீ. என்று எழுதிய மழை ஜாக்கெட், கணுக்கால் வரை வரும் வாட்டர்ப்ரூஃப் ஷூ, ஒரு ஆள் டென்ட், காற்றடிக்கும் மெத்தை, 0.1 மைக்ரான் தண்ணீர் ஃபில்டர், 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க்.

இவற்றில் எது எங்கே கைவிடும் என்று கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் நேரம் இருக்கிறது. கடையில் கேட்டால் லேபிளைப் படித்துக் காட்டுகிறார்கள். வீடியோக்களில் வரும் சோதனைகள் பெரும்பாலும் குளிர்நாட்டில் எடுத்தவை. நம் வெயிலுக்கும் முள்ளுக்கும் வியர்வைக்கும் எப்படிச் சோதிப்பது? அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போக மாட்டேன். பையோடு ஏறி இறங்கிப் பார்க்கத் தோதான இடங்களும் இருந்தால் சொல்லுங்கள்.

மேலகிரி நடை:

லேபிளில் இருக்கும் எண்கள் புதுத்துணியை வைத்து ஆய்வகத்தில் எடுத்தவை. உங்கள் உடம்பில் இருக்கப்போவது முப்பது நாற்பது முறை துவைத்து, வெயிலில் காய்ந்து, பைப்பட்டை உரசித் தேய்ந்த துணி. அதனால் முதல் வேலை துணியைப் பழசாக்குவதுதான். கிளம்புவதற்குள் ஒவ்வொன்றையும் குறைந்தது 15 முறையாவது போட்டுத் துவைத்துவிடுங்கள். சாதாரண சோப்பு போதும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் மட்டும் வேண்டாம். அது இழைமேல் படலமாகப் படிந்து, வியர்வை துணியில் பரவி ஆவியாவதைக் கெடுத்துவிடும்.

பிறகு காயும் சோதனை. 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு வேண்டும். காய்ந்த சட்டையை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, கையால் முடிந்தவரை பிழிந்து மறுபடி எடை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சட்டை பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். அதை அறைக்குள், ஃபேன் போடாமல், கொடியில் தொங்கவிட்டு அரை மணிக்கு ஒருமுறை எடை பாருங்கள். காய்ந்த எடைக்கு 5 கிராம் பக்கம் வந்துவிட்டால் போட்டுக்கொள்ளலாம். இரவு 9 மணிக்குத் துவைத்தது காலை 6 மணிக்குப் போடும் பதத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முழுநேரப் பயணிக்கு உண்மையான அளவுகோல். இப்போது நவம்பர், காற்றில் ஈரம் இருக்கிறது. இதிலேயே தேறிவிட்டால் மற்ற இடங்களில் கவலையில்லை. ஏப்ரல், மே வெயிலில் இங்கே கோணிப்பைகூட ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அதில் ஒன்றும் தெரியாது.

இழைக்குள்ளேயே உறிஞ்சப்படும் ஈரம் பாலியஸ்டரில் 0.4 சதவீதம், நைலானில் 4, பருத்தியில் 8, கம்பளியில் 16 சதவீதம் அளவு. ஆனால் நனைந்த துணியில் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இழைக்குள் இல்லை, இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது. எனவே என்ன இழை என்பதோடு துணியின் கனத்தையும் பாருங்கள். தடித்த பாலியஸ்டர் டி-ஷர்ட்டை விட மெல்லிய ஈரிழைத் துண்டு முன்னால் காய்ந்துவிடும். துவட்டுவதற்கு ஈரிழைத் துண்டே எடுத்துக்கொள்ளுங்கள், தனியாக மைக்ரோஃபைபர் துண்டு வாங்கத் தேவையில்லை.

பேன்ட்டைத் தொட்டுப் பார்க்கும்போது முழங்காலைத் தொட்டு முடிவு செய்யாதீர்கள். கடைசியில் காய்வது இடுப்பு எலாஸ்டிக்கும் பாக்கெட்டின் உள்துணியும்தான். ‘சீக்கிரம் காயும்’ பேன்ட்டுகள் சிலவற்றில் பாக்கெட் உள்துணி பருத்தியாகவே இருக்கும். அப்படி இருந்தால் தையல்காரரிடம் கொடுத்து வலைத்துணியாக மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது முள். நம் பக்கம் வேலிக்காத்தானும் சூரையும் இண்டும் இல்லாத ஒற்றையடிப்பாதை கிடையாது. காய்ந்த வேலிக்காத்தான் கிளை ஒன்றை முழநீளம் வெட்டிக்கொள்ளுங்கள். துணியை ஒரு தலையணைமேல் இழுத்துப் போர்த்தி, கிளையைத் துணிமேல் வைத்து, மேலே அரை கிலோ எடை கட்டி, ஒரே திசையில் பத்து முறை இழுங்கள். பிறகு துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நெய்த துணியில் கீறல் மட்டும் தெரிந்தால் பரவாயில்லை. பின்னல் துணியில் நூல் வளையமாக வெளியே வந்து, அதற்கு இரண்டு பக்கமும் கோடு போட்டதுபோல் இறுகியிருக்கும். அந்தத் துணி இங்கே இரண்டு நடைக்குத் தாங்காது. நல்ல பேன்ட்டைப் பாழாக்க மனமில்லை என்றால் கால் ஓரத்தின் உள்மடிப்பில் இதைச் செய்யலாம். கட்டம் கட்டமாக நெய்த ரிப்ஸ்டாப் துணி, கிழிந்த இடத்திலிருந்து கிழிசல் பரவாமல் பிடிக்கும், அவ்வளவுதான். முள் மாட்டுவதை அது தடுக்காது.

மழை ஜாக்கெட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 10,000 மி.மீ. என்றால் துணிமேல் 10 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூண் நிற்கும் அழுத்தம் வரை கசியாது என்று பொருள். மழைத்துளிக்கு இது தாராளம். கசிவு வருவது துணி வழியே இல்லை. தையல், ஜிப், கழுத்து, பைப்பட்டை அழுத்தும் தோள், இந்த நான்கு இடம்தான். உள்ளே வெளிர்நிறக் காட்டன் சட்டை போட்டு, மேலே ஜாக்கெட், அதற்கு மேல் 9 கிலோ பையையும் மாட்டிக்கொண்டு ஷவருக்கு அடியில் 20 நிமிடம் நில்லுங்கள். கையை உயர்த்துங்கள், குனியுங்கள், திரும்புங்கள். கழற்றியதும் சட்டையில் ஈரம் எங்கே என்று பாருங்கள். தையல் ஓடும் வழியே கோடாக ஈரம் என்றால் கசிவு. முதுகிலும் முன்கையிலும் பரவலாக ஈரம் என்றால் வியர்வை. சந்தேகம் தீரவில்லை என்றால் ஜாக்கெட்டின் முதுகுப் பகுதியைக் குழியாகப் பிடித்து ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கட்டித் தொங்கவிடுங்கள். கீழே செய்தித்தாள் விரித்துவிட்டால் ஊசித்துளைகூடச் சொட்டு விழுந்த இடத்தை வைத்துத் தெரிந்துவிடும்.

வெளித்துணியில் தண்ணீர் முத்துமுத்தாக உருளாமல் திட்டுத்திட்டாக ஊறினால் மேல்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். சோப்பு மிச்சமில்லாமல் இரண்டு முறை அலசி, காயவைத்து, மேலே ஒரு மெல்லிய துணி போட்டு இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் ஓட்டுங்கள். முக்கால்வாசி திரும்ப வரும். வரவில்லை என்றால் அந்தப் பூச்சைப் புதுப்பிக்கும் ஸ்ப்ரே வாங்க வேண்டியதுதான்.

தையல்_கிருஷ்ணகிரி:

மேலே அண்ணன் துணியைப் பத்திச் சொல்லிட்டாரு. நான் பைக்கும் ஜிப்புக்கும் வர்றேன். ரிப்பேருக்கு வர்ற பைகள்ல துணி கிழிஞ்சு வர்றது ரொம்பக் குறைவு. தோள்பட்டை பையோட சேர்ற இடம், இடுப்புப் பெல்ட் சேர்ற இடம், ஜிப் முடியற மூலை, இந்த மூணுலதான் பிரியும்.

பையை உள்பக்கம் திருப்புங்க. தோள்பட்டை வந்து சேர்ற இடத்துல தையலை எண்ணுங்க. ஒரு அங்குலத்துக்கு 7-லேர்ந்து 9 தையல் இருந்தா நல்லது. 5-க்குக் கீழே போனா நூல்மேல பாரம் அதிகம். 12-க்கு மேல போனா ஊசி குத்தின ஓட்டைங்க ரொம்பக் கிட்டக் கிட்ட வந்து, துணி அந்த வரிசையிலேயே கிழியும். பட்டை வந்து முடியற இடத்துல நெருக்கமா குறுக்குத் தையல் போட்டிருக்கணும், பார்டாக்னு சொல்லுவோம். இல்லேன்னா போட்டுக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை.

இப்போ பாரச் சோதனை. நீங்க 9 கிலோ தூக்கறதா இருந்தா 14 கிலோ வைங்க. அரிசியை ரெண்டு மூணு பையில கட்டி உள்ளே வெச்சு, ஒரே ஒரு தோள்பட்டையில உறுதியான கொக்கியில ராத்திரி முழுக்கத் தொங்க விடுங்க. காலையில தையல் ஓரத்தைப் பாருங்க. ஊசி ஓட்டைங்க நீளமா முட்டை வடிவத்துல இழுத்திருந்தா அந்தப் பை ஒரு வருஷம் தாங்காது. ஓட்டை வட்டமாவே இருந்தா கவலை வேண்டாம்.

பட்டை நழுவுதான்னு பார்க்க, நீளத்தைச் சரி பண்ணி பக்கிள் வாயில சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. பாரத்தோட ஒரு மணி நேரம் நடங்க. கோடு பக்கிள்ல இருந்து ஒரு விரல் தள்ளி வந்திருந்தா பட்டை வழுக்குது. பட்டை ரொம்ப மெல்லிசா இருந்தாலும் பக்கிள் பல்லு தேஞ்சிருந்தாலும் இப்படி ஆகும். பட்டையை ஈரமாக்கி இன்னொரு தடவை பாருங்க. காய்ஞ்சப்போ பிடிச்சது நனைஞ்சப்போ விடும்.

பையோட முதுகளவு சரியான்னும் பாருங்க. தலையைக் குனிஞ்சா கழுத்துக்குக் கீழே துருத்தற எலும்பு ஒண்ணு இருக்கும். அங்கேருந்து ரெண்டு கையையும் இடுப்பெலும்பு மேல வெச்சா கட்டைவிரல் ரெண்டும் முதுகுல சேர்ற இடம் வரைக்கும் டேப் வெச்சு அளங்க. பையில தோள்பட்டை ஆரம்பிக்கற இடத்துலேர்ந்து இடுப்புப் பெல்ட் நடு வரைக்கும் அதே அளவு வரணும். வரலேன்னா இடுப்பு பாரத்தை வாங்காது, தோள்தான் எல்லாத்தையும் தூக்கும்.

பைக்கு மழை உறை குடுத்திருப்பாங்க. அதை நம்பாதீங்க. முதுகுப் பக்கம் திறந்துதான் இருக்கும், தண்ணி அந்த வழியா இறங்கும், காத்தடிச்சா உறையே பறக்கும். பாத்திரக்கடை, பிளாஸ்டிக் கடையில 400 கேஜ் பாலிதீன் பை பெருசா கிடைக்கும். 100 கேஜ்னா 25 மைக்ரான், அப்போ இது 100 மைக்ரான். பைக்குள்ளே அதை விட்டு, சாமான் எல்லாம் அதுக்குள்ளே போட்டு வாயை முறுக்கி மடிச்சு விடுங்க.

பேன்ட்டுக்கு என்னோட யோசனை: ஒண்ணு கடையில வாங்கினதாவே இருக்கட்டும். இன்னொண்ணு டெரிகாட்டன்ல தைச்சுக்கோங்க. பாலியஸ்டர் 65, பருத்தி 35 கலந்தது, 58 அங்குல அகலத்துல 1.25 மீட்டர் எடுத்தா சராசரி உயரத்துக்குப் போதும். நெருக்கமா நெய்தது, முள்ளு சட்டுனு மாட்டாது. கவட்டுல நாலு தையலும் ஒரே புள்ளியில சேராம, நடுவுல சின்னதா ஒரு ஒட்டுத்துணி வெச்சுத் தைக்கச் சொல்லுங்க. பெரிய பாறைப்படி ஏறறப்போ பிரியாது, தொடை உரசல்ல தையல் அறுக்காது. எந்த பேன்ட்டா இருந்தாலும் போட்டுக்கிட்டு முழுசா குத்தவெச்சு உக்காருங்க, அப்படியே ஒரு காலை நாற்காலி மேல தூக்கி வைங்க. பின்னாடி இடுப்பு கீழே இறங்கினா வெட்டு சரியில்லை.

பாலக்கோட்டுப் பயணி:

ரொம்ப நன்றி. ஷவர் சோதனை செய்தாகிவிட்டது. தோளில் ஒரு கோடு ஈரம், அது கசிவு என்று புரிகிறது. ஆனால் முன்கை இரண்டும் நசநசவென்று நனைந்திருந்தன. காற்றோட்டம் 10,000 கிராம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி ஒரு நாளில் அவ்வளவு ஆவியை வெளியே விடும் என்று லேபிளில் இருக்கிறதே, பிறகு ஏன்?

இன்னும் இரண்டு கேள்வி. வாட்டர்ப்ரூஃப் ஷூவை வைத்துக்கொள்ளலாமா? ஃபில்டர் இருந்தால் வழியில் போர் தண்ணீர், ஏரித் தண்ணீர் எதையும் பிடித்துக் குடிக்கலாமா?

மேலகிரி நடை:

ஆவியை வெளியே தள்ளும் வேலையை ஜாக்கெட் தானாகச் செய்வதில்லை. உள்ளே ஆவி அழுத்தம் அதிகம், வெளியே குறைவு, அந்த வித்தியாசம்தான் தள்ளுகிறது. தோலுக்குப் பக்கத்தில் 33 டிகிரியில் வியர்வை நிறைந்த காற்றின் ஆவி அழுத்தம் 5 கிலோபாஸ்கல் அளவு. 5 டிகிரி குளிரில் வெளியே 0.8 தான் இருக்கும், வித்தியாசம் 4.2. நம்மூர் மழைநாளில் 26 டிகிரி, ஈரம் 95 சதவீதம் என்றால் வெளியே 3.2 வந்துவிடும். வித்தியாசம் 1.8 மட்டும். அதே ஜாக்கெட் பாதிகூட வேலை செய்யாது. ஜாக்கெட்டில் கோளாறு இல்லை, அது இமாசலத்தில் நன்றாக உழைக்கும். மேற்கு மலையில் ஏற்றத்தில் நடக்கும்போது குடையோ, பையையும் சேர்த்து மூடும் போஞ்சோவோ மேல். போஞ்சோ முள்காட்டில் கிழியும், காற்றுள்ள மேட்டில் தூக்கும். அந்த இடங்களில் ஜாக்கெட்டின் கைப்பட்டையைத் தளர்த்தி, அக்குள் ஜிப் இருந்தால் திறந்து போடுங்கள்.

தோள் கசிவுக்கு: உள்ளே தையல்மேல் ஒட்டியிருக்கும் நாடா தூக்கியிருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். தூக்கியிருந்தால் பழையதை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, புது நாடாவை இஸ்திரிப் பெட்டியால் ஒட்ட வேண்டும். வாங்கி ஒரு மாதத்துக்குள் என்றால் அந்த வேலையில் இறங்காமல் கடையில் மாற்றிக் கேளுங்கள்.

அரூர்ப் படிக்கட்டு:

ஷூவுக்கு என் பதில்: தென்னாட்டு நடைக்கு வாட்டர்ப்ரூஃப் ஷூ வேண்டாம். ஒரு சோதனை செய்தால் நீங்களே முடிவுக்கு வருவீர்கள். ஷூவைத் தராசில் வைத்து எடை குறித்துக்கொண்டு, முழுக்கத் தண்ணீரில் முக்கி, கவிழ்த்து வடியவிட்டு மறுபடி எடை போடுங்கள். பிறகு 12 மணி நேரம், 24 மணி நேரம் கழித்து எடை பாருங்கள். வாட்டர்ப்ரூஃப் ஷூவுக்குள் நீர் புகாத சவ்வு ஒன்று இருக்கும். அது உள்ள ஷூ மறுநாளும் ஈரமாகத்தான் இருக்கும். ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்கு மேலே வந்து உள்ளே புகுந்துவிட்டால், வெளியிலிருந்து வரும் நீரைத் தடுக்கும் அதே சவ்வு உள்ளே புகுந்த நீரை வெளியே விடாது. பாதம் ஊறி, தோல் உரிந்து, கொப்புளம் வரும். பனியில் நடக்கப் போகும்போது அது தேவைப்படும். அதுவரை சுமக்கலாமா என்பது உங்கள் 9 கிலோ கணக்கைப் பொறுத்தது.

பதிலுக்கு வலைத்துணி ஷூ எடுப்பீர்கள் என்றால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கண்ணுக்கு ஓட்டை தெரிந்தால் ஊசிப்புல் விதை அதற்குள் ஏறும். அதன் கூர்முனையில் பின்னோக்கிய மயிர் இருக்கும், ஒருமுறை நுழைந்தால் நடக்க நடக்க உள்ளேதான் போகும், சாக்ஸில் தைத்துப் பாதத்தைக் குத்தும். நெருக்கமாக நெய்த மேல்துணி உள்ளதைத் தேடுங்கள். டெரிகாட்டன் மிச்சத் துணியில் கணுக்கால் உறை ஒன்று தைத்துக்கொண்டால் விதையும் உண்ணியும் ஏறாது.

அளவை மாலையில் பாருங்கள், நடந்து பாதம் வீங்கிய பிறகு, நடைக்குப் போடும் சாக்ஸோடு. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஏற்றத்தில் எல்லா ஷூவும் நன்றாகத்தான் இருக்கும், குறை தெரிவது இறக்கத்தில்தான். தீர்த்தமலைப் படிகளில் பையோடு ஏறி, இறங்கும்போது கவனியுங்கள். விரல் நுனி ஷூவின் முன்பக்கம் இடித்தால் முதலில் மேல் இரண்டு துளைகளில் கயிற்றை இறுக்கிக் கட்டிப் பாருங்கள். அப்படியும் இடித்தால் அளவு சிறியது, நகம் கறுத்துப்போகும்.

ஷூவின் அடிப்பக்கத்தில் துருத்தி நிற்கும் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளம்தான் மெல்லிய இடம். வேலிக்காத்தான் முள் அங்கேதான் ஏறும். உள்ளட்டையை எடுத்துவிட்டு, ஒரு கையை உள்ளே வைத்து, அடியிலிருந்து கூரான ஜல்லிக்கல்லால் அந்தப் பள்ளத்தில் அழுத்துங்கள். கல்லின் முனை விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தால் முள்ளும் வரும். 5 லிட்டர் எண்ணெய் கேனின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கை உள்ளட்டை அளவுக்கு வெட்டி, ஓரத்தை மழுங்கத் தேய்த்து அடியில் போட்டால் பெருமளவு தடுக்கும். பாதம் சற்று விறைப்பாக இருக்கும், பழகிவிடும்.

பிடிமானத்தைப் பார்க்க ஒகேனக்கல் ஆற்றுப் பாறைகளுக்குப் போகவே போகாதீர்கள். பாசி பிடித்த பாறை, அடியில் இழுப்பு, எந்த ஷூவும் அங்கே நிற்காது. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறைகளில் மிச்சத் துண்டு கேட்டு வாங்குங்கள். பாலிஷ் போடாத பக்கத்தை மேலே வைத்துத் தண்ணீர் தெளித்து, நீங்கள் நம்பும் பழைய ஷூ ஒன்றையும் புது ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்குள்ளும் சம எடையில் அரிசிப்பை போட்டு, கல்லின் ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். எது முதலில் வழுக்குகிறது என்பது அப்படியே தெரியும். கல்லை இருவர் பிடிக்க வேண்டும், காலில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஷூவின் அடிப்பாகத்துக்கு மேலே மெத்தென்று இருக்கும் நடு அட்டை பாலியூரித்தேனாக இருந்தால், போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் ஈரக்காற்றே சில வருடங்களில் அதை உதிர வைத்துவிடும். தள்ளுபடியில் வரும் பழைய ஸ்டாக்கை வாங்கும்போது குதிகால் பக்கம் நகத்தால் அழுத்துங்கள். வெடிப்போ பொடியோ வந்தால் விட்டுவிடுங்கள். அதேபோல் வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் ஷூவை வைக்காதீர்கள், பசை இளகி அடிப்பாகம் பிரியும். புதிதாக வாங்கிய கையோடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புத் தைப்பவரிடம் சுற்றிலும் ஓரத்தையல் போட்டுக்கொள்வது நல்ல செலவு. தையல் ஓட்டை வழியே தண்ணீர் வரும்தான், வலைத்துணி ஷூவுக்கு அது ஒரு பொருட்டில்லை.

இடங்களுக்கு: ராயக்கோட்டை மலைக்கோட்டை பாறைப்படியும் சறுக்கலும் கலந்தது, ஷூவுக்கும் பேன்ட்டுக்கும் நல்ல சோதனை. விடியற்காலையில் ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். நீண்ட இறக்கம் வேண்டுமென்றால் வத்தல்மலைக்குப் பஸ்ஸில் ஏறி ரோட்டோரமாக இறங்குங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கக் காடுகள் யானை நடமாட்டம் உள்ள சரணாலயப் பகுதி. வனத்துறை 2024-இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் குத்திராயன் மலை இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். கோடைத் தீப்பருவத்தில் வழிகளை மூடிவிடுவார்கள், அதனால் டிசம்பரிலேயே போய்விடுங்கள்.

ஊற்றுநீர்:

தண்ணீர்க் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நம் மாவட்டத்துக்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

0.1 மைக்ரான் ஃபில்டர் பாக்டீரியாவையும் புழு, அமீபா வகைகளையும் பிடிக்கும். வைரஸ் அதைவிடச் சிறியது, அதற்குக் குளோரின் மாத்திரை வேண்டும். முதலில் வடிகட்டி, பிறகு மாத்திரை போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கலங்கல் நீரில் மாத்திரை போட்டால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும்.

ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் எதையும் இந்த ஃபில்டர் பிடிக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, எலும்பு பாதிப்பு என்று தலைமுறைகளாகப் பார்த்த பிரச்சினை அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஃப்ளோரோசிஸைத் தணிக்கவும் சேர்த்தே கொண்டுவரப்பட்டது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை. காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டுவதால் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். வழிநடையில் ஓரிரு நாள் போர் தண்ணீர் குடிப்பதால் ஒன்றும் ஆகாது. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தங்கினால் கூட்டுக் குடிநீர்க் குழாயிலோ ஆர்.ஓ. நிலையத்திலோ பிடியுங்கள். பூச்சிமருந்து கலந்த வயல் வாய்க்கால், ஆலைக் கழிவு சேரும் ஏரி ஆகியவற்றில் கரைந்திருப்பதையும் ஃபில்டர் பிடிக்காது, அங்கே ஒரு நாளைக்குக்கூடப் பிடிக்காதீர்கள்.

ஃபில்டரை இரண்டு வகையில் சோதியுங்கள். ஒன்று, 1 லிட்டர் வடிய எத்தனை நிமிடம் என்று புதிதிலேயே குறித்து வையுங்கள். அந்த நேரம் இரட்டிப்பானால் சுத்தநீரைப் பின்பக்கமாகச் செலுத்திக் கழுவ வேண்டும். இரண்டு, ஃபில்டர் நன்றாக நனைந்த நிலையில், சுத்தநீர் வரும் முனையில் வாய் வைத்து ஊதுங்கள். நனைந்த நுண்துளைகள் காற்றை விடாது. காற்று எளிதாக மறுபக்கம் போனால் உள்ளே இழை அறுந்திருக்கிறது, தூக்கி எறியுங்கள். கீழே போட்டாலும், இமாசலத்தில் இரவு உறைந்தாலும் இழை அறுந்துவிடும். குளிர் இடங்களில் அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலகிரி நடை:

விட்டுப்போன சிலவற்றைச் சேர்த்துவிடுகிறேன்.

காற்று மெத்தையை மாலையில் அடித்து, மேலே 10 கிலோ வைத்து, காலையில் பாருங்கள். லேசாகத் தளர்ந்திருந்தால் உடனே ஓட்டை என்று நினைக்க வேண்டாம். 35 டிகிரியில் அடித்த காற்று 22 டிகிரிக்கு இறங்கினாலே அழுத்தம் 4 சதவீதம் குறையும். பாதிக்கு மேல் படுத்துவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவித் தேடுங்கள். முள்காட்டில் கேம்ப் போடுவதாக இருந்தால் மடிக்கும் ஃபோம் பாயே நம்பகமானது, குத்தினாலும் வேலை செய்யும்.

டென்ட்டின் ஆணிகள் நம் சரளை மண்ணில் வளையும், பாறைமேல் இறங்கவே இறங்காது. கல்லில் கட்ட 3 மி.மீ. கயிறு நான்கு துண்டு, ஒவ்வொன்றும் 1.5 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் உள்பூச்சு பிசுபிசுக்கும், வாடை வரும். அது ஆரம்பித்துவிட்டால் திரும்ப நல்லதாகாது. மொட்டைமாடியில் பகல் முழுக்க விரித்து வைப்பதும் கெடுதல். வெயிலில் நைலான் சீக்கிரம் இற்றுவிடும், பாலியஸ்டர் கொஞ்சம் தாங்கும்.

தூங்கும் பை வாங்கும்போது, எவ்வளவு குளிர் தாங்கும் என்று காட்டும் ஐ.எஸ்.ஓ. 23537 லேபிளில் ‘கம்ஃபர்ட்’ எண்ணை மட்டும் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் தப்பும் எல்லை, தூங்கும் எல்லை இல்லை. குளிர் சோதனைக்கு டிசம்பர், ஜனவரியில் தளிப் பக்கம் ஒரு இரவு தங்கிப் பார்த்தால் போதும்.

பவர் பேங்க் 74 வாட்-ஹவர் வரும், விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகலாம். 5 வோல்ட்டில் வெளியே வருவது 12,000 முதல் 13,000 எம்.ஏ.ஹெச். தான், போன் கணக்கை அதை வைத்துப் போடுங்கள். கேஸ் அடுப்பு வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சிலிண்டரை ரயிலில் கொண்டுபோகக் கூடாது.

காட்டன் சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். நம் கோடையின் வறண்ட வெயிலில் நனைந்த பருத்தி உடம்பைக் குளிர்விக்கும், பாலியஸ்டர்போல் மூன்றாம் நாளில் நாறாது. மலைமேட்டில் மழையும் காற்றும் சேரும்போது மட்டும் அதை உடம்பில் வைத்திருக்கக் கூடாது.

தையல்_கிருஷ்ணகிரி:

ஜிப்பைச் சொல்லாம விட்டுட்டேன். ஜிப் மூடினதுக்கு அப்புறம் பின்னாடியே பல்லு திறந்துக்கிட்டு வந்தா எல்லாரும் ஜிப்பையே மாத்தச் சொல்றாங்க. பெரும்பாலும் பல்லு நல்லாத்தான் இருக்கும், ரன்னர் வாய் அகண்டிருக்கும். புழுதியும் மணலும் உள்ளே தேய்ச்சுத் தேய்ச்சு அகலப்படுத்திடும். ரன்னரோட பின்முனையில, இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை, கொறடு வெச்சு லேசா அழுத்துங்க. ஓட்டிப் பாருங்க. சேரலேன்னா இன்னும் ஒரு துளி. ஒரேயடியா அழுத்தினா ரன்னர் விரிஞ்சு உடையும். மணல் ஏறின ஜிப்பை பழைய டூத் பிரஷ்ல சோப்புத் தண்ணி விட்டுத் தேய்ச்சு, காய்ஞ்சதும் மெழுகுவத்தியைப் பல்லு மேல ரெண்டு தடவை உரசினா போதும். எண்ணெய் விடாதீங்க, புழுதியை இழுத்து ஒட்டிக்கும்.

கிளம்பறப்போ எடுத்துட்டுப் போக: தடிமனான ஊசி 2, நைலான் நூல் 10 மீட்டர், துணி ஒட்டுப்பட்டை ஒரு அடி, ஷூ பசை சின்ன டியூப் 1, உங்க பை, டென்ட், ஜாக்கெட் மூணுக்கும் பொருந்தற ரன்னர் ஒவ்வொண்ணு. ரன்னரைக் கண்ணால பார்த்து வாங்கினா பொருந்தாது. கழுத்துப் பக்கத்தைத் திருப்பினா பின்னாடி 3, 5, 8-னு நம்பர் குத்தியிருக்கும், அதே நம்பர், அதே பல்லு வகை கேட்டு வாங்குங்க. சுருள் பல்லுக்கு உள்ள 5 நம்பர் ரன்னர், கட்டிப் பிளாஸ்டிக் பல்லு 5 நம்பர் ஜிப்புல ஓடாது.